சிங்க்குக்கு அடியில்

மார்ச் 3, செவ்வாய்

சமையலறை சிங்க்குக்கு அடியில் ஈரம். குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் வளையும் பைப், சுவரோடு சேரும் இடத்தில் சொட்டுகிறது. பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்றாள் மனைவி. இருபத்தாறு வருஷமாக லாரி இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறவன் நான். ஒரு நட்டுக்கு ஆள் வேண்டுமா? கழற்றினேன், துடைத்தேன், முறுக்கி இறுக்கினேன். அரை மணி நேரம் நின்றது. மறுபடி சொட்டு. வாளி வைத்திருக்கிறேன்.

மார்ச் 6

டேப் சுற்றிப் பார்த்தேன். இன்னும் அதிகமாக ஒழுகுகிறது. பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

மார்ச் 8

கீழ்வீட்டிலிருந்து தம்பி வந்தான். வாசலிலேயே நின்று இவளிடம் பேசினான். "அண்ணி, மேலேர்ந்து என் அடுப்பு மேல சொட்டுது. சுவரெல்லாம் ஊறிப்போச்சு. சொல்லிடுங்க."

நான் நாலடி தள்ளி நாற்காலியில் இருக்கிறேன். என்னிடம் சொல்ல மாட்டானாம்.

அப்பா இறந்து மூன்று வருஷம். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது நான் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. "நீதான் கொன்னே" என்று உடலுக்கு முன்னால், அத்தனை பேர் நடுவில் சொன்னான் தம்பி. அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வாசல், ஒரே படிக்கட்டு. எதிரே வந்தால் சுவரைப் பார்ப்போம்.

மார்ச் 11

காலையில் வீட்டில் எந்தக் குழாயிலும் தண்ணீர் இல்லை. படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் எங்கள் வால்வைத் தம்பி மூடியிருக்கிறான். இறங்கிப்போய்த் திறந்தேன். வெளியே வந்தான், என்னைப் பார்க்காமல் மறுபடி மூடினான். சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். தலையால் முட்டினான். வாயெல்லாம் ரத்தம். நானும் விடவில்லை — விலாவில், வயிற்றில், எங்கே படுகிறதோ அங்கே. ஐம்பது வயதில், பல் துலக்காத வாயோடு, இரண்டு கிழட்டு மாடுகள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு. இவள் நடுவில் விழுந்து பிரித்தாள்; வால்வைத் திறந்துவிட்டதும் இவள்தான். இவள் முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. யார் கை பட்டதோ தெரியவில்லை. என் கையாகத்தான் இருக்கும்.

மார்ச் 12

உதடு வீங்கியிருக்கிறது. ஜாக்கி வழுக்கிவிட்டது என்று பட்டறையில் சொன்னேன்.

மார்ச் 14

இதை எழுதலாமா?

இவள் கடைக்குப் போனதும் வாளியை எடுத்துவிட்டேன். நட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். தண்ணீர் கோடாக இறங்கி, சிங்க்குக்கு அடியிலுள்ள அலமாரியின் தரையில் பரவி, சுவரோரத்து இடுக்கில் காணாமல் போனது. கொஞ்ச நேரத்தில் கீழே ஏதோ பாத்திரத்தில் விழும் சத்தம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

நன்றாக இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

மதியம் மூன்று மணி. தம்பி ஸ்பேனரோடு ஏறி வந்தான். தலைமுடி நனைந்திருந்தது. என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு நேராகச் சமையலறைக்குள் போனான். மண்டியிட்டு, அலமாரிக் கதவைத் திறந்து, வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டான். நட்டைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது அவனுக்கு.

"அண்ணி, இதை வேணும்னே லூஸ் பண்ணி வெச்சிருக்காரு."

நான் கதவை உதைத்தேன்.

கனமான மரக் கதவு. கை வெளியே வருவதற்குள் நடுவில் மாட்டியது. உடைந்தது மரம் என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னொரு முறை உதைத்தேன். ஏன்? முதல் உதை கோபம், சரி. இரண்டாவது? அதுக்கு என்னடா பேரு?

அவன் கத்தவில்லை. "அண்ணா" என்றான். மூன்று வருஷத்துக்கு அப்புறம். "அண்ணா, கை."

மார்ச் 16

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. கட்டைவிரலுக்குப் போகும் நரம்பிலும் அடி. எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "கதவுல மாட்டிக்கிச்சு சார்" என்றான்.

கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிறவன் அவன். கோடு இழுத்து ஒரு தட்டு தட்டினால் நூல் பிடித்த மாதிரி பிரியும். அந்தக் கை.

மார்ச் 17

தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை; பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. இவள் காலையில் கீழே போனால் இருட்டும்போதுதான் ஏறி வருகிறாள். எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். பேசுவதில்லை.

மார்ச் 20

பிளம்பர் வந்தார். நட்டைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தார். "உள்ள வாஷரே இல்லையே சார். யார் கழட்டினது?"

"நான்தான்."

"ரப்பர் இல்லாம எவ்ளோ இறுக்கினாலும் நிக்காது."

புதிதாக ஒன்று போட்டார். கையால் திருகி, ஸ்பேனரால் லேசாக ஒரு பிடி. ஐந்து நிமிஷம். பழைய வாஷர் அலமாரி மூலையில் கிடந்தது; முதல் நாள் நான் கழற்றியபோதே விழுந்திருக்கிறது. அவர் போனதும் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். இவ்வளவுதானா? இதுக்கா?

மார்ச் 23

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "புகார் குடுக்கறது யாரு?" என்றார் எழுத்தர். "யாரும் இல்ல சார். அடிச்சவன் நான்." பேனாவை மூடி வைத்தார். "அண்ணன் தம்பி சண்டை. வீட்டுக்குப் போங்க."

ஏப்ரல் 30

கட்டுப் பிரித்தார்கள். கட்டைவிரல் மடங்கவில்லை. கடையில் இனி அவனுக்கு வாசல் மேசைதானாம், வருகிறவர்களிடம் அளவு கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை. எழுதுவதும் இடது கையால். இவள் சொன்னாள். ஒன்றரை மாதத்தில் இவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

மே 4

இவளுக்குக் காய்ச்சல். கைப்பயிற்சிக்கு அவனை நான்தான் கூட்டிப்போக வேண்டும். கீழே போய்க் கதவைத் தட்டினேன். சட்டைப் பித்தானோடு மல்லாடிக்கொண்டே திறந்தான். போட்டுவிடலாமென்று கையை நீட்டினேன்.

சட்டென்று பின்னால் நகர்ந்து, இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டான். வேண்டுமென்று செய்யவில்லை. அவனுக்கே வெட்கமாகிவிட்டது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைசிப் பித்தான் வரை நின்றேன்.

"போலாமா?"

"நீ முன்னால போ" என்றான்.

தெருவில் அவன் செருப்புச் சத்தம் எனக்குப் பின்னாலேயே வந்தது. பக்கத்தில் வரட்டும் என்று ஓரிடத்தில் நின்றேன். அவனும் நின்றுவிட்டான்.

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.