ஹாலுக்கு இறங்கிய கட்டில்

டத்தோ கிராமாட், பினாங்கு

அன்பு மகள் சாந்தினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதப் பேனா ஓடவில்லை, இருக்கிறோம் என்பது பொய்யில்லை. அந்த டப்ளின் குளிரில் உனக்கு ஒரு தலைவலிகூட வரக் கூடாது என்று தண்ணீர்மலை முருகனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். போனில் பேசினால் நீயும் அழுவாய் நானும் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும், அதனால்தான் கடிதம்.

இனி மருந்து கொடுத்தால் உடம்பைப் படுத்தத்தான் செய்யும், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னாரில்லையா, அதிலிருந்து கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ்காரர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நர்ஸ் வலிக்குப் பார்க்கிறாள். அவளோடு சுபாஷினி என்று ஒரு பெண் வந்தாள், ஆக்குபேஷனல் தெரப்பிஸ்டாம். எழுந்து நிற்க முடியாத மனுஷனுக்கு இனி என்னம்மா பயிற்சி, சும்மா விடுங்களேன் என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன், என் வாய் உனக்குத் தெரியாததா. ஆன்ட்டி, அங்கிளை நடக்க வைக்க நான் வரலை, இருக்கிற தெம்புல அவருக்குப் புடிச்சதைச் செய்ய வைக்கத்தான் வந்தேன் என்றாள். பிறகு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை அங்கிள் என்று கேட்டாள். காசி, ராமேஸ்வரம் என்று ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்தால், கீழ உக்காந்து இவளுக்குத் தவுகே வால் கிள்ளிக் கொடுக்கணும்லா என்கிறார்! ஜுருவில் ஃபேக்டரி வேலை பார்த்த காலத்திலிருந்து அடுப்படியில் அவர் எனக்குச் செய்த ஒரே வேலை அந்த முளைப்பயறுக்கு வால் கிள்ளுவதுதானே. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மாடிப்படி இனி அவருக்கு ஆகாது, கட்டிலை ஹாலுக்கு இறக்கிவிடுங்கள் என்றாள் சுபாஷினி. வந்ததே எனக்குக் கோபம். போன வருஷம் செத்துப்போன உன் பெரியப்பாவைக் கிடத்திய இடம் அது. உயிரோடு இருக்கிற மனுஷனை நடு ஹாலில் படுக்க வைப்பார்களா, இனி இந்த வாசப்படி மிதிக்காதே என்று கத்தி அனுப்பிவிட்டேன். உன்னிடம் சொன்னபோது நீயும் மேலேயே இருக்கட்டும்மா என்றாய். உன்மேல் குறையில்லை, நான் சொன்ன விதம் அப்படி.

ஐந்து நாள் நானே ஊட்டினேன், நானே துடைத்தேன், ஒரு விரலை அசைக்க விடவில்லை. ஓடிவந்து செய்துவிட்டுக் கீழே சமையலுக்கு ஓடுவேன். அதைத்தான் பாசம் என்று நினைத்தேன். ஆறாம் நாள் கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் என்று அதட்டினேன். நீ கீழ இருக்க, நான் மேல இருக்கேன், போன பிறகு எப்படி இருக்கும்னு இப்பவே பழகிட்டேன் வடிவு என்றார். ஐயோ சாந்தினி! சகுனம் பார்த்து உயிரோடு இருக்கும்போதே அவரைப் பிரித்து வைத்தவள் நான்தான்.

அன்றைக்கே சுபாஷினிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். பக்கத்து வீட்டு அலாவுதீன் அண்ணன் ஆள் கூட்டிவந்து கட்டிலையும் அப்பாவையும் பத்திரமாக இறக்கினார். தலை கிழக்கேதான், தெற்கே வைக்க நான் விடவில்லை, அதில் மட்டும் யார் சொன்னாலும் கேட்கமாட்டேன். சுபாஷினி வந்து நாற்காலிக்குக் கட்டை கொடுத்து உயர்த்தினாள், முழங்கைக்கு இரண்டு தலையணை, மடியில் விளிம்பு வைத்த தட்டு. பத்து நிமிஷம் வேலை, பிறகு ஓய்வு. கை நடுங்கினாலும் நான் பிடுங்கிச் செய்யக் கூடாதாம், போதும் என்று அவர்தான் சொல்ல வேண்டுமாம். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது லேசில்லை. நேற்று ஒரு பிடி கிள்ளினார், பாதிக்கு வால் போகவேயில்லை. அப்படியே வதக்கினேன். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு உப்புப் பத்தலை என்றார். அவர் குறை சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

தீபாவளிக்கு லீவு எடுத்து வருகிறேன் என்றாயே, அதுவரை வேண்டாம். சுபாஷினியைக் கேட்டேன், மறைக்கவில்லை, நாற்காலியில உக்கார்றது இன்னும் ரெண்டு மூணு வாரம்தான் ஆன்ட்டி என்றாள். கடைசியில் வந்து காலில் விழ ஊரே வரும். நீ அவர் உட்கார்ந்திருக்கும்போது வா.

வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, நல்லா இரு என் கண்ணு, இது அம்மாவின் ஆசீர்வாதம். அப்பாவுடையதை நான் இதில் எழுதப்போவதில்லை, அதை நீ நேரில் வந்து வாங்கிக்கொள். டிக்கெட் போட்டதும் உடனே சொல்.

உன் அம்மா,
வடிவம்மாள்