கோல்கீப்பரை மாற்றச் சொன்ன மாமாவுக்கு

கேலரியின் மேல்படியில் துண்டைப் போட்டு எனக்கும் சேர்த்து இடம் பிடித்துவைக்கும் என் அன்பு மாமா,

நேற்று நம்ம டீம் தோற்றுவிட்டது. மூன்றுக்கு இரண்டு. கடைசி நேரத்தில் கிடைத்த பெனால்டி கார்னரையும் வெளியே அடித்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் உங்கள் சத்தம் ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

கோல் போஸ்டில் நின்றது உங்கள் பிள்ளை இல்லை மாமா. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் போன பிறகு இங்கே நடந்ததையெல்லாம் உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. ஹாக்கியைப் பற்றி நான் வேறு யாரிடம் இவ்வளவு பேசியிருக்கிறேன்?

காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். பள்ளிக்கூடத்தில் ஹாக்கி ஆடியவள் என்று அப்பா சொன்னதும், கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு, "எந்த பொசிஷன்மா?" என்றீர்கள். "ரைட் இன்" என்றேன். கூட வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினீர்கள்.

அத்தை இல்லாத வீடு உங்களுடையது. ஆவடி ஃபேக்டரியிலிருந்து ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பாரிவாக்கத்தில் கட்டிய வீட்டில் நீங்களும் உங்கள் பிள்ளை பாலுவும் மட்டும் இருந்தீர்கள். வந்த புதிதில் அந்த வீட்டின் அமைதி எனக்குப் பயமாக இருந்தது. "சாப்டியா", "சாவி எங்க கீது", "ஃபேனை நிறுத்து." ஒரு நாளைக்கு அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வது அவ்வளவுதான். சண்டையா என்றால் அதுவும் இல்லை. பேசிப் பழகவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால், குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் மண் கிரவுண்டில் நீங்கள் வேறு ஆள். நாலே நாலு சிமென்ட் படிகளுக்குக் கேலரி என்று பெயர். உங்களுக்கு ஒரு பக்கம் பேக்கரி தாஸ் அண்ணன், இன்னொரு பக்கம் மெக்கானிக் யூசுப் பாய். மூன்று பேரும் ஒரு காலத்தில் அதே டீமுக்கு ஆடியவர்கள் என்பதால், கேப்டன் உங்கள் பேச்சைத் தட்ட மாட்டான். டீமை வாராவாரம் கலைத்துப் போட்டு அடுக்குவீர்கள்.

"சென்டர் ஹாஃப் ஓடவே மாட்டேன்றான் அண்ணாத்தே. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறான்" என்பார் தாஸ் அண்ணன்.

"அம்பத்தூர்ல ஒருத்தன் கீறான், நல்லா பந்து அடிக்கிறான். அவன இட்டாந்துடலாம்" என்பார் யூசுப் பாய்.

"இட்டாந்து இன்னா பண்றது? அவனுக்குப் பந்து குடுக்க ஆள் வேணாவா?" என்று சீறிவிட்டு என் பக்கம் திரும்புவீர்கள். "நீ சொல்லுமா, ஃபார்வர்டு ஆடினவ நீ."

ஒரு பெண்ணிடம் போய்க் கேட்கிறாரே என்று தாஸ் அண்ணன் முதலில் நெளிந்தார். அப்புறம் அவரே, "மருமவ இன்னா சொல்லுது?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். புகுந்த வீட்டில் என் வார்த்தைக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது என்பதை அந்தச் சிமென்ட் படியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன் மாமா.

போன மழைக்குப் பிறகு நீங்கள் ஒரு புதுப் பேச்சை ஆரம்பித்தீர்கள். "கோல்கீப்பர மாத்தணும்." முதலில் எல்லோரும் விளையாட்டு என்று நினைத்தார்கள். காலேஜ் நாளிலிருந்து அந்த போஸ்டில் நிற்பவர் உங்கள் பிள்ளை. பெற்ற அப்பனே மாற்றச் சொல்கிறாரே என்று சிரித்தார்கள். இதை மட்டும் கேப்டன் காதில் வாங்கவில்லை. நீங்கள் வாராவாரம் சொன்னீர்கள்.

காரணத்தை என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள். ஆவடி பஸ் ஸ்டாண்டில் பாரிவாக்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம்.

"லெஃப்ட்ல வர்ற பந்த அவன் லேட்டா பாக்கிறான்மா. காலு நல்லாதான் கீது, கையும் நல்லாதான் கீது. கண்ணுதான். சுகரு கீதில்ல? எங்க அண்ணனுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சுது. இவன் டெய்லி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வண்டி ஓட்டிகினு போறானே, அத நெனச்சாதான் பயமா கீது."

"நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க மாமா."

"நீ சொல்லு. நான் சொன்னா ஏறாது."

அன்றைக்கே உங்கள் பிள்ளையிடம் சொன்னேன். "அப்பா கண்ணுக்கு நான் எப்போ நல்லாத் தெரிஞ்சேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். மறுபடி சொன்னேன். சீசன் முடியட்டும் என்றார்.

அந்தக் கடைசி ஞாயிறு. இடது பக்கம் சாதாரணமாக உருண்டு வந்த பந்து, அவர் காலை நகர்த்துவதற்கு முன்பே உள்ளே போய்விட்டது. நீங்கள் எழுந்து நின்றீர்கள். "கீப்பர மாத்துங்கடா! கண்ணு தெரியாதவன நிக்க வெச்சிகினு ஆடுறீங்களே!" கிரவுண்டு முழுக்கக் கேட்டது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேலரியையே பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வாரம் வீட்டில் "சாவி எங்க கீது" கூட இல்லை. இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தீர்கள். ஆட்டோவில் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வழியெல்லாம் உங்கள் தலை உங்கள் பிள்ளை மடியில்தான் இருந்தது. "அப்பா, அப்பா" என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை. அது உங்கள் காதில் விழுந்ததா மாமா?

கொள்ளி வைத்தார். காரியமெல்லாம் முறையாகச் செய்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று உறவில் ஒருத்தர் என் காதுபடவே சொன்னார்.

காரியம் முடிந்த பிறகு வந்த முதல் மேட்சுக்கு நானும் போனேன். தாஸ் அண்ணன் எழுந்து எனக்கு இடம் விட்டார். நாலு கோல் வாங்கினார் உங்கள் பிள்ளை. எல்லாம் இடது பக்கம்தான். கேலரியில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தாஸ் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்ப்படியில் யாரோ ஒருவர், "யோவ் கீப்பரு, தூங்கறியா?" என்று ஆரம்பித்ததும் யூசுப் பாய் அவர் தோளைத் தொட்டு, "வுடுப்பா. அவங்கப்பா இப்பதான் தவறினாரு" என்றார். அந்த ஆளும் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, வாசல்படியில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"யாருமே திட்டல சுமதி. நாலு கோல் வுட்டேன். ஒருத்தர் கூட ஒண்ணும் கேக்கல."

அப்புறம்தான் அழுதார் மாமா. அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்க்கும்படி அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். நீங்கள் கேலரியிலிருந்து போட்ட சத்தம்தான் அவருக்குக் கிடைத்த அப்பா பேச்சு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிறு மேட்ச் தொடங்குவதற்கு முன்னால், பேடு கட்டாமல் நேரே கேலரிக்கு ஏறி வந்தார்.

"தாஸண்ணே, டீம்ல யார மாத்தணும்?"

"இப்போ இன்னாத்துக்கு பாலு அதெல்லாம்..."

"எங்கப்பா இருந்தா சொல்லுவாரில்ல. நீங்க சொல்லுங்க."

தாஸ் அண்ணன் யூசுப் பாயைப் பார்த்தார். பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கீப்பரத்தான்பா மாத்தணும்" என்றார். "உன் மேல ஒண்ணும் கோவம் இல்ல. உங்கப்பா ஏன் அப்டி கத்தினாருன்னு எங்களுக்குப் புரியல. ஆனா சொன்னது கரெக்ட்டு."

"எனக்குத் தெரியும் பாய். இவ அப்பவே சொன்னா, நான்தான் காதுல வாங்கல. லெஃப்ட்ல வர்ற பந்து எனக்கு நெழல் மாதிரிதான் தெரியுது. ரொம்ப நாளா."

அப்புறம் தாஸ் அண்ணன் மெதுவாக, பட்டாபிராமில் ஒரு உயரமான கீப்பர் இருப்பதாகச் சொன்னார். உங்கள் பிள்ளை வேண்டாம் என்றார். "கொரட்டூர் விக்கி. குள்ளமா கீறான்னு பாக்காதீங்க. பந்து ஸ்டிக்க வுட்டு கெளம்பறதுக்குள்ள அவன் காலு கெளம்பிடும்." யூசுப் பாய் உயரம்தான் முக்கியம் என்று எகிறினார். நான் விக்கி பக்கம் நின்றேன். கேப்டன் வேறு ஒரு பையனை போஸ்டில் நிறுத்தி மேட்ச் தொடங்கியது கூடத் தெரியாமல் சண்டை போட்டோம். பேசிக்கொண்டிருப்பது என் வீட்டுக்காரரை எடுத்துவிட்டு யாரை வைப்பது என்பதைப் பற்றித்தான் என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோயிருந்தது. விக்கியைத்தான் எடுத்தார்கள்.

அந்த வாரமே அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். பார்வை மங்கி, என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை கண்ணின் உள்நரம்பைக் கெடுத்திருக்கிறதாம். இடது கண்ணில் போனது போனதுதான் என்று டாக்டரம்மா சொன்னார். மிச்சத்தையும் வலது கண்ணையும் காப்பாற்றலாம், ஊசி போட வேண்டும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றார். அந்த வார்த்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நீங்களே நேரில் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பாரா மாமா? தெரியவில்லை. கேட்காமலும் போயிருக்கலாம். யாரிடம் போய் இதைக் கேட்பேன்?

முதல் ஊசி போட்டாகிவிட்டது. எஸ்டேட்டுக்கு இப்போது வண்டியில் போவதில்லை. பஸ்ஸில் போய் வருகிறார். சிடுசிடுப்பு இருக்கத்தான் செய்கிறது. பேடையும் ஹெல்மெட்டையும் விக்கியிடம் கொடுத்துவிட்டு வந்த அன்று சாப்பிடவே இல்லை.

நேற்று அவரும் கேலரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தார். விக்கி நன்றாகத்தான் ஆடினான். தோற்றது முன்வரிசையால். தாஸ் அண்ணனும் பாயும் பழையபடி மல்லுக்கட்டினார்கள். எவனைத் தூக்குவது, எவனைக் கொண்டுவருவது என்று என்னையும் இழுத்தார்கள். திரும்பி வரும்போது நான் ஸ்கூட்டர் ஓட்ட, உங்கள் பிள்ளை பின்னால் உட்கார்ந்திருந்தார். பாரிவாக்கம் திரும்பும்போது கேட்டார்.

"அப்பா என்னப் பத்தி என்னிக்காவது நல்லா சொல்லிக்கீறாரா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கேலரியில் உங்களோடு உட்கார்ந்த ஒரே ஆள் வீட்டில் நான்தானே, என்ன சொன்னாலும் நம்பியிருப்பார். ஆனால் எனக்கு மனசு வரவில்லை மாமா. வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"சொன்னதில்லங்க. ஆனா உங்க கண்ணு போயிடுமோன்னு அவர் பயந்தத நான் பாத்தேன். பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு சொன்னாரு."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. என் தோளில் இருந்த அவர் கை இறுகியது.

"அத என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

உங்கள் மேல் கோபமாகச் சொல்லவில்லை மாமா. கெஞ்சுவது மாதிரிதான் இருந்தது.

நீங்கள் பதில் சொல்ல முடியாது. அதனால் நான் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒரு ஊசியும் தவறாமல் நானே அவரைக் கூட்டிக்கொண்டு போவேன். இந்த வீட்டில் இனிமேல் பயம் வந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்வோம். பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று சொல்வோம். வீட்டுக்குள்ளேயே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்வோம். அவர் வாய் திறக்காவிட்டாலும் நான் திறப்பேன்.

உங்கள் பிள்ளையை என் கண்ணாகப் பார்த்துக்கொள்ளும்,
உங்கள் வீட்டு மருமகள்
சுமதி