ஓ.சி. மேத்ஸ்

துறை அலமாரியை ஒழித்தபோது நேற்று உன் புத்தகம் கிடைத்தது. ஸ்பைரல் கம்பி நசுங்கியிருந்தது. திறந்ததும் பழைய ஜெராக்ஸ் மையின் வாடை. அட்டையில் தடித்த மார்க்கரில் ஆங்கில எழுத்தில் ‘ஓ.சி. மேத்ஸ்’. எழுதியது நான். அது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

ஏன் ஒழித்தேன் என்று தெரிந்தால் சிரிப்பாய். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களைத் தொகுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க இப்போது கல்லூரியே கமிட்டி போட்டிருக்கிறது. அதற்குத் தலைவி நான்தான். சால்வைகூடப் போர்த்தினார்கள்.

அன்று நீ அதைத் தனியாளாகச் செய்தாய். துறைத்தலைவர் எழுதிய கணக்குப் புத்தகத்தை அட்மிஷன் அன்றே வாங்கியாக வேண்டும். தலையணை கனம், பக்கத்துக்குப் பக்கம் பிழை, விலையைக் கேட்டால் மயக்கம் வரும். வாங்க முடியாத பிள்ளைகள் ஒரே மாதத்தில் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். “புஸ்தகம் இல்லாத பிள்ள கேள்வியே கேக்காதுட்டி” என்பாய். எவரும் எடுக்கலாம், மாற்றலாம் என்று எங்கெங்கோ இருக்கும் பேராசிரியர்கள் போட்டுவைத்த பாடங்களை இறக்கி, நம் சிலபஸுக்கு ஏற்ப வெட்டி ஒட்டி, விட்டுப்போன கணக்குகளை நீயே எழுதினாய். ஒரு கோடை விடுமுறை முழுக்க அதற்கே போனது.

முதல் பிரதியைக் காட்டியபோது, “ஓசியில எடுத்து ஓசியில குடுக்கிறே, பேரும் ஓசின்னே வச்சுடு” என்று கேலி செய்து, அட்டையில் எழுதியும் விட்டேன். “நல்லாத்தான இருக்கு, கெடக்கட்டும்” என்றாய். ஜெராக்ஸ் கடைக்காரர் அதை அப்படியே எல்லாப் பிரதிக்கும் அட்டையாக்கினார்.

இந்தத் தெலுங்கு நகரத்தில், அல்வால் பக்கம் திருநெல்வேலிப் பேச்சு மாறாத உன் வீடு. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் தமிழோடு தெலுங்கும் ‘நக்கோ’ உருதுவும் கலந்து பேசும் என் வீடு. இரண்டிலும் ஓசி ஓசிதான். ஆனால் இந்த ஊர் அட்மிஷன் படிவத்தில் எஸ்.சி., பி.சி.க்குப் பக்கத்தில் ஓ.சி. என்றும் ஒரு கட்டம் உண்டு. இடஒதுக்கீடு இல்லாத சாதிகளுக்கான கட்டம். வருடா வருடம் அந்தப் படிவத்தைச் சரிபார்த்த நம் இரண்டு மரமண்டைக்கும் அது தோன்றவில்லை.

பிரதிகள் பாதி வகுப்புக்குத்தான் வந்தன. கிடைக்காத பிள்ளைகள் அட்டையைப் பார்த்தார்கள். ‘ஓ.சி. பிள்ளைகளுக்கு மட்டும் மேடம் தனிப் புத்தகம் கொடுக்கிறார்’ என்று பிரின்சிபால் அறை முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை. எத்தனை இடத்தில் ஒதுக்கப்பட்டு வந்தவர்கள், அந்த எழுத்தை வேறெப்படிப் படிப்பார்கள்? யாருக்காக நீ அந்தக் கோடையைத் தொலைத்தாயோ, அவர்களேதான் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே துறைத்தலைவர் கவலைப்பட்ட முகத்தோடு இருந்தார். காத்திருந்தது கைக்கு வந்தால் சிலருக்கு அப்படித்தான் முகம் போகும். அட்டையில் எழுதியது யார் என்று பிரின்சிபால் கேட்டார். என்னைப் பார்க்காமலேயே “நான்தான்” என்றாய். தமிழில் ஓசி என்றால் காசில்லாமல் கிடைப்பது, அவ்வளவுதான் சார் என்று விளக்கினாய். பிரின்சிபால் என் பக்கம் திரும்பி, “நீங்களும் தமிழ்தானே மேடம்? அப்படி ஒரு சொல் உண்டா?” என்றார்.

உண்டு என்ற ஒரு வார்த்தை போதும். துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். அவர் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் என் பெயரும் வரும் என்று சொல்லியிருந்தார். “எங்க வீட்டுல அப்படிச் சொல்றதில்ல சார். நாங்க மூணு தலைமுறையா இங்கேயே செட்டில் ஆனவங்க” என்றேன்.

அந்த வாரமே நீ ராஜினாமா கொடுத்தாய். படிக்கட்டில் பையோடு நின்றவள் திட்டவில்லை. “ஓசியிலேயே தப்பிச்சிட்டல்லா” என்றாய். அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. நீ போய்விட்ட செய்திகூட எனக்கு அடக்கம் முடிந்த பிறகுதான் வந்தது. துறைத்தலைவரின் அடுத்த பதிப்பில் என் பெயர் மூன்றாவதாக வந்தது, அதிலும் எழுத்துப் பிழையோடு.

புத்தகத்தைக் கொண்டாப்பூர் வீட்டுக்கு எடுத்து வந்தேன். என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் கேட்டால் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும். அட்டையைப் பார்த்துவிட்டு, இது ஓ.சி. கேண்டிடேட்டுகளுக்கான புத்தகமா என்று கேட்டாள். இல்லை, ஓசி என்பது நம் வீட்டுச் சொல், சும்மா கிடைப்பது என்று பொருள் என்றேன். உன்னைப் பற்றியும், அறை முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றியும் சொன்னேன். என்னைப் பற்றிச் சொல்லவில்லை.

“அந்தேனா?” என்றாள். இவ்வளவுதானா என்று அர்த்தம். பிறகு அதிசயமாகத் தமிழிலேயே கேட்டாள்:

“அன்னிக்கு அந்த ரூம்ல தமிழ் தெரிஞ்சவங்க வேற யாருமே இல்லையாம்மா?”

இல்லை என்றேன்.