எந்த மழைக்கும் தலையாட்டும் மாடல்

ஜூன் 9
மழையைக் கொடுத்தால் ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று சொல்லும் என் கணினி மாடல் இன்று பிரமாதமாகப் பொருந்தியது. அளந்த நீர், கணித்த நீர், இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று. மண், வேர், சரிவு என்று, கோடுகள் பொருந்தும்வரை கூட்டிக் குறைத்துத் திருகுவதற்கு நாற்பத்தேழு எண்கள். எங்கள் ஆய்வு மைய இயக்குநர் முதுகில் தட்டினார்.

அக்கா வீடு ஆற்றோரத் தெருவில் கடைசி. "இந்த வருஷம் தண்ணி உள்ள வருமாடா?" என்று போனில் கேட்டாள். வராது என்றேன்.

ஜூன் 14
நான் கொடுத்தது எங்கள் ஆற்றின் மழையே இல்லை. கோப்பு மாறி, மலைக்கு அந்தப் பக்கத்து மழை போயிருக்கிறது.

அப்படியும் பொருந்தியிருக்கிறதே?

ஜூன் 15
சரியான மழையைக் கொடுத்தேன். எண்களை இரண்டு விதமாகத் திருகினேன், இரண்டும் அதே அழகோடு பொருந்தின. ஆனால் ஒரே பெருமழைக்கு, ஒரு பொருத்தம் அக்கா வீட்டு வாசல்கூட நனையாது என்கிறது. மற்றது நெஞ்சளவு என்கிறது. எதை நம்ப?

ஜூன் 16
ஆறு வருஷமாக ஒரு ஆமாம்சாமியை வளர்த்திருக்கிறேன்.

ஜூன் 20
"எது நடந்தா இது தப்புன்னு ஒத்துக்குவோம் சார்?" என்று இயக்குநரிடம் கேட்டேன்.

"தப்பாகணும்னு ஏங்க ஆசைப்படுறீங்க? இன்னும் நாலஞ்சு எண்ணைச் சேருங்க, சரியாயிடும்."

நான் எதற்குத்தான் லாயக்கு?

ஜூலை 3
சின்னதாக வேறொரு மாடல் எழுதினேன். மழையைப் பிடித்துவைக்கும் மண் ஒரு வாளி, அது வழிந்து விழும் ஆறு ஒரு வாளி, மூன்றே எண்கள். பார்க்கவே கேவலமாக இருக்கிறது. பொருத்தமும் சுமார்தான். அந்தப் பக்கத்து மழையைக் கொடுத்துப் பார்த்தேன். எப்படித் திருகியும் பொருந்த மாட்டேன் என்றுவிட்டது.

ஆகஸ்ட் 18
விடாத மழை. சின்னது முழங்கால் அளவு என்கிறது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"வராதுன்னியேடா."

"தப்பா சொல்லிட்டேன்க்கா. முழங்கால் வரைக்கும் வரும். சாமானை மேல தூக்கி வை. பாப்பாவைக் கூட்டிட்டு மாடிக்குப் போயிடு."

ஆகஸ்ட் 21
வடிந்துவிட்டது. அக்காவும் குழந்தையும் பத்திரம். தையல் மெஷின் போயிற்று. என் பேச்சை நம்பி மேசைமேல் வைத்திருந்தாள். அதுதான் அவள் பிழைப்பு.

"முழங்கால்னு சொன்ன. இடுப்புக்கு வந்துச்சு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

சுவரில் சேற்றுக் கோடு. அழுதுகொண்டேதான் டேப்பை எடுத்தேன். என் மாடல் தப்பு. எவ்வளவு தப்பு என்று ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அளக்க முடிகிறது.

அக்கா குனிந்து மறுமுனையைத் தரையில் அழுத்திக்கொண்டாள்.

"நேராப் பிடிடா" என்றாள்.