மாடி மாடியாக ஓடிய கட்டில்

இன்று காலை நம் மடக்குக் கட்டிலை முற்றத்து வெயிலில் போட்டேன். துருவும் பூச்சி உருண்டையும் கலந்த அந்த மணம் வந்ததும், தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டு நீ சிரிக்கும் சிரிப்பு கேட்டுவிட்டது.

மடக்குக் கட்டில் வரும் அந்தச் சினிமாப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்போம்! நாம் பிறக்குமுன்பே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கட்டடம் முழுக்க நம்மைப் போலச் சோடி சோடியாக ஆண்கள், சோடிக்கு ஒரே கட்டில். வீட்டுக்காரி சோதனைக்கு வந்தால் ஒவ்வோர் அறையிலும் இரண்டு கட்டில் இருக்கவேண்டும். கட்டடத்துக்கே உபரியாக இருப்பதோ ஒரேயொரு மடக்குக் கட்டில். அவள் படியேற ஏற, அது சன்னல் வழியாகக் கயிற்றில் அடுத்த மாடிக்குப் போய்க்கொண்டிருக்கும். அயலுக்குக் கேட்காதபடி சத்தத்தைக் குறைத்துவிட்டு, எல்லாருக்கும் நீயே குரல் கொடுப்பாய். வீட்டுக்காரிக்கு மட்டும் செங்கலடியில் இருக்கும் உன் அக்காவின் குரல்.

"என்னகா, கதவத் திறக்க இவ்வளவு நேரமா? உள்ள மாடா கட்டிக் கிடக்கு?"

நம் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணோடு சீதனமாக வரும். கலியாணம் கட்டிப் போனால்தான் ஆணுக்கு வீடு. நாம் இரண்டு ஆண்கள், நாவற்குடாவில் வாடகைக்கு வந்து, கேட்டவர்களுக்குக் கூட்டாளிமார் என்றோம். நம் சீதனம் இந்தக் கட்டில்தான் என்பாய். பஸ் இறங்கிவிட்டேன் என்று அக்கா போனில் சொன்னால் போதும், கட்டிலை இழுத்து விரித்து, போர்வையைக் கசக்கி, நான் உடுத்துப்போட்ட சாரத்தைக் கால்மாட்டில் எறிவாய். அவர் திரும்பிப் போனபின் உன் முகம் வாடிவிடும்.

"அவவுக்குத் தெரிஞ்சா மறுகா இந்த வாசல மிதிக்கமாட்டா. எனக்கு அவவ விட்டா ஆரு இருக்கா?"

நான் இல்லையா என்று கோபித்துக்கொள்வேன். அக்கா வேறு, நான் வேறு என்று எனக்கும் தெரியும்.

நீ இறந்த முப்பத்தோராம் நாள் படையலுக்கு முதல் நாள், அக்கா தயிர்ச் சட்டியோடு வந்தார். நான் வழக்கம்போலக் கட்டிலை விரித்து வைத்திருந்தேன். தனியாளுக்கு இனி எதற்கு இரண்டு கட்டில் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவேயில்லை. அக்கா அதில் உட்கார்ந்தார். ஒருநாளும் ஆள் படுக்காத கட்டில். வாவிக் காற்றில் துருப்பிடித்த கொக்கி கழன்றது. படத்தின் கடைசியில் வீட்டுக்காரிக்கு நடந்ததேதான்: கட்டில் மடிந்து, கால் இரண்டும் மேலே!

பதறிப்போய்த் தூக்கினேன்.

"விடு தம்பி, ஒண்டுமில்ல," என்றவர் தரையில் இருந்தபடியே கட்டில் துணியைத் தடவினார். "எத்தன வருசமாப் படுக்கிற கட்டில் இது? ஒரு குழி விழல்லியே. நான் என்ன கண்ணில்லாதவளா?"

நான் குனிந்து, கழன்ற கொக்கியைத் தேடினேன். அக்கா தொடர்ந்தார்.

"நான் வந்தா, அவன் கட்டில் இழுக்கிற சத்தம் வாசல் கேற்றடியிலயே கேக்கும். இழுத்து முடியட்டும் எண்டு நிப்பன். அவனாச் சொல்லுவான் எண்டு பாத்துக்கிட்டிருந்தன். சொல்லாமலே போயிட்டான்."

இருவரும் அழுதோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காதான் சொன்னார்: "நாளைக்குப் படையல் நீதான் வைக்கணும். வீட்டாள் இருக்கக்குள்ள வேற ஆரு?"

வைத்தேன். நீ இதைக் கேட்காமல் போனாயே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

கட்டிலுக்குப் புதுக் கொக்கி போட்டாயிற்று. அக்கா இன்றைக்கு இங்கே தங்குகிறார், அதில்தான் படுப்பாராம். பழக்க தோசம், இப்போதும் வந்தால் கேற்றடியில் சற்று நின்றுவிடுகிறார். நான் உள்ளேயிருந்து, படத்து வீட்டுக்காரிக்கு நீ கொடுத்த அதே குரலில் கத்துவேன்:

"என்னகா, உள்ள வர இவ்வளவு நேரமா?"