நீளப் பலகையில் மூன்று எழுத்து

சந்திர நாட்காட்டிப்படி பன்னிரண்டாம் மாதம், பத்தொன்பதாம் நாள்

அன்பு மகள் அலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், வாய்க்கால் ஓரமெல்லாம் உறைபனி, மற்றபடி குறை இல்லை. நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். லான்ஜோவில் மண்காற்று அடிக்கிறது, தொண்டை கட்டிக்கொண்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நாள் முழுக்கச் சாக்பீஸ் தூளையும் விழுங்கினால் தொண்டை என்ன செய்யும், பேரிக்காயைக் கற்கண்டு போட்டு அவித்து வெறும் வயிற்றில் குடி. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன், சாம்பல் நிறம் உனக்கு, பழுப்பு நிறம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, யாருக்காவது கொடு, யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

புத்தாண்டுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது, வீட்டில் உட்கார நேரமில்லை, ஏனென்றால் உன் அப்பா கடை வைத்துவிட்டார். வசந்தத்தில் பட்டு ஆலையை மூடியது உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் ஆலைச் சாப்பாட்டுக்கூடத்தில் கரண்டி பிடித்த மனிதர், கோடை முழுக்க ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார், பேச்சும் இல்லை, சண்டையும் இல்லை, எனக்கு அந்தச் சண்டை இல்லாததுதான் பயமாக இருந்தது. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் தானாகவே எழுந்து, சந்து முனையில் பழைய குடைக்கடை காலியாக இருக்கிறதே, அதில் எட்டு ரத்தினச் சோறு போட்டு விற்கலாமா என்றார். நான் உடனே சரி என்றேன், ஒட்டரிசியை ஊறவைக்க, தாமரை விதை உரிக்க, சிவப்பு இலந்தையில் கொட்டை எடுக்க, பயறு விழுது கிண்ட, மனிதருக்கு நிறம் திரும்பிவிட்டது. ஒரு கிண்ணத்தைத் தட்டில் கவிழ்த்து எடுத்துவிட்டு, எட்டுப் பழமும் இடம் மாறாமல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார் பார், எங்கள் கல்யாணத்தில்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடைக்குப் பெயர்ப் பலகை வேண்டும். 'லாவ் வாங் பாபாவ் ஃபான்', கிழவர் வாங்கின் எட்டு ரத்தினச் சோறு, ஐந்தே எழுத்து. கடை முகப்பில் நடுவே ஒரு தூண் நிற்பதால் இரண்டு பலகையாகத்தான் மாட்ட முடியும். பலகை கொடுத்தது நான், பழைய கட்டிலில் இருந்து கழற்றியது, ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஆலையில் சுவரெழுத்து எழுதிய ஷென்னிடம், நீளப் பலகையை இடது பக்கம் மாட்டலாம், அதில் மூன்று எழுத்து, குட்டையில் இரண்டு என்று சொன்னதும் நான்தான். எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற உனக்கு இது புரிந்திருக்கும், இந்நேரம் நீ சிரித்திருப்பாய், ஆனாலும் முழுக்க எழுதினால்தான் என் மனசு ஆறும். எட்டாம் தேதி காலையில், எட்டு ரத்தினத்துக்கு எட்டாம் தேதி பொருத்தம் என்று உன் அப்பாவே பார்த்து வைத்த நாள், பட்டாசு வெடித்துச் சிவப்புத் துணியை இழுத்தோம். தூணுக்கு இந்தப் பக்கம் 'லாவ் வாங் பா'. அந்தப் பக்கம் 'பாவ் ஃபான்'. எதிர்க்கடை முடிதிருத்துகிற லூ இருக்கிறானே, அவன் சவரக்கத்தியைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி வாசித்தான், "கிழட்டு வாங்பா! ரத்தினச் சோறு! ஏ எல்லாரும் வாங்கப்பா, நம்ம கிழட்டு ஆமைப்பய சோறு போடுறான்!" ராஜா என்று அர்த்தமுள்ள எழுத்து, உன் தாத்தா நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்ட குடும்பப் பெயர், பின்னால் 'பா' என்கிற எட்டு வந்து ஒட்டிக்கொண்டதும் ஆமையாகிவிட்டது, அதுவும் பெண்டாட்டியைக் கட்டிக்காக்கத் தெரியாதவன் என்று சந்தைக்காரிகள் திட்டுகிற ஆமை. சந்தே சிரித்தது. ஷென் தன் எழுத்தையே அப்போதுதான் படித்தவன் போல வாயைப் பொத்திக்கொண்டான். எல்லாரும் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை அலின், நானும் சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு, தூணைப் பிடித்துக்கொண்டு. உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏணியைப் போட்டு இரண்டு பலகையையும் கழற்றி, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் எழுத்து சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டு, கடையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு வெந்திருந்த நாற்பது கிண்ணமும் அக்கம்பக்கத்துக்குப் போனது, நான்தான் தலையைக் குனிந்துகொண்டு வீடு வீடாகக் கொடுத்தேன்.

நம் ஊரில் இந்தச் சோறு விற்பதே வருஷத்தில் இருபது நாள்தான், புத்தாண்டு விருந்து முடிந்தால் கேட்பார் இல்லை. கடை போனாலும் போகட்டும், மனிதர் மறுபடி அந்த நாற்காலிக்குப் போய்விட்டார், அதுதான் எனக்குப் பயம். இந்த முறை உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று தோன்றிவிட்டது. எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் செய்து பார்த்தேன். மறுநாளே சிவப்பு மையை எடுத்துக்கொண்டு, ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் மரகதம் ஆகிவிடும், கிழட்டு மரகதம் என்று யாரும் திட்ட முடியாதே என்று தூரிகையை நனைத்தேன். எங்கிருந்தோ பார்த்துவிட்டார். "ஏன் சூயூன், ஐம்பத்தெட்டு வருஷம் வாங்னு இருந்தவனை ஒரு புள்ளியில வேற குடும்பத்துக்காரனாக்கப் போறியா? சமாதிக்கல்லுலயும் புள்ளி வைப்பியா?" என்றார். சரி, ராஜாவைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம், 'பாபாவ் ஃபான் வாங்', எட்டு ரத்தினச் சோற்றுக்கு ராஜா, கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது, புதுப் பலகையே வாங்கி எழுதிவிடலாம் என்றேன். அதற்கு, "சாப்பாட்டுக்கூடத்துல முட்டைக்கோஸ் வேகவச்சவன் தன்னைத்தானே ராஜான்னு எழுதி மாட்டிக்கணுமா? அதுக்கு அந்த ஆமையே தேவலை. எதை மாத்தினாலும் ஊரு பழசைத்தான் படிக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவும் உண்மைதான், அதற்குள் சந்தில் எல்லார் வாயிலும் 'வாங்பா கடை' என்றே ஆகிவிட்டிருந்தது. மூன்றாம் பட்டறையில் தறி ஓட்டிய கோ அக்கா ஆறுதல் சொல்கிறேன் என்று வந்தாள். "இதுக்கா கோவிச்சுக்கிறீங்க? ஆலையில நாங்க உங்களுக்கு வச்ச பேரே 'பாவாங்'தான். கரண்டியில கறித்துண்டு ஏறிட்டா நாலு ஆட்டு ஆட்டி அதைக் கீழ தள்ளிட்டுத்தானே தட்டுல போடுவீங்க, கொடுங்கோல் ராஜா! இப்ப அது திரும்பி நின்னு வாங்பா ஆயிருக்கு, அவ்வளவுதான்" என்றாள். நல்ல ஆறுதல். இருபத்தாறு வருஷத்துப் பட்டப்பெயரும் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிய வந்தது, கஞ்சிகூடக் குடிக்கவில்லை.

பதினைந்தாம் தேதி காலையில் என்னால் தாங்க முடியவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன், நான் சிரித்தது தப்பு, பலகையைப் பிரித்துக் கொடுத்ததும் நான்தான், ஷென் மேல் பழி போட்டுக்கொண்டு திரிந்தேன், அதுவும் தப்பு. "ஆனா ஒண்ணு கேக்குறேன், அந்தத் திட்டுல பாதி எனக்குத்தானே? ஆமைப்பய பெண்டாட்டின்னா அர்த்தம் என்ன? ஐம்பத்தஞ்சு வயசுல நான் எவன்கூடப் போனேன், அந்த மொட்டை லூகூடவா? அவமானப்பட வேண்டியவ நானு, நானே சிரிச்சுட்டேன்" என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கரண்டியைக் கஞ்சியில் விட்டுச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, நான் எதிர்பார்க்காத இடத்துக்குப் போனார். "அலின் வாத்தியார் வேலைக்குப் போறேன்னு சொன்னப்ப, உன் அண்ணன் தம்பி எல்லாரும் மேஜையைச் சுத்தி உக்காந்திருந்தப்ப, நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லாமலா. பல்கலைக்கழகம் வரை படித்துவிட்டுப் 'பிள்ளைகளுக்கு ராஜா' ஆகப் போகிறாளாம் என்று உன்னைக் கேலி செய்தார், மேஜையே சிரித்தது. "வாங் வீட்டுல பொறந்ததுக்கு நல்ல ராஜ்ஜியம்னு வேற சொன்னேன். அத்தனை பேரும் சிரிச்சாங்க. அவ எழுந்து எல்லாருக்கும் தேநீர் ஊத்தினா. மறுநாள் காலையில பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரயிலேறிட்டா. மூணு வருஷமா மணி அடிச்சா வகுப்புக்குப் போயிட்டுத்தான் இருக்கா. அவ பள்ளிக்கூடத்தைப் பூட்டிச் சாவியைப் பையில போட்டுக்கலை." இவ்வளவுதான் சொன்னார். கஞ்சியைக் குடித்தார், கிண்ணத்தைத் தானே கழுவினார், கதவுக்குப் பின்னால் இருந்த பலகைகளை எடுத்துக்கொண்டு போய், ஷென் எழுதியது எழுதியபடி, ஒரு புள்ளிகூடக் கூட்டாமல், நீளம் இடது பக்கம், குட்டை வலது பக்கம் என்று மாட்டிவிட்டார்.

முதல் ஆளாக வந்தவன் லூதான், வராமல் இருப்பானா. "ஒரு வாங்பா சோறு குடு" என்றான். உன் அப்பா கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டே, "எங்கிட்ட சோறு வாங்குறவன் எல்லாம் என் சொந்தக்காரனாயிடுவான், அவனும் ஒரு வாங்பாதான், பரவாயில்லையா தம்பி?" என்று கேட்டார், லூ இரண்டு கிண்ணமாக வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து காலையில் அடுப்பு பற்றவைத்தால் பொழுது சாயும்வரை ஆள் நிற்கிறது, பக்கத்து ஊரிலிருந்து பலகையைப் பார்க்கவே வருகிறார்கள், வந்தவர்கள் வெறும் கையோடு போவதில்லை. என் விரலெல்லாம் இலந்தைச் சாயம், இடுப்பு விட்டுப்போகிறது, இருந்தும் எனக்கு இந்த வருஷம் முழுவதிலும் இப்படி ஒரு நிம்மதி இருந்ததில்லை. நேற்று உன் அப்பா என்னோடு சண்டைகூடப் போட்டார், சோற்றில் கொழுப்பைக் குறைத்துவிட்டேனாம். கேட்கக் கேட்க இனிப்பாக இருந்தது.

இதையெல்லாம் உனக்கு எழுதச் சொல்லி அவர் சொல்லவில்லை. நான் எழுத உட்கார்ந்ததும் விளக்கை என் பக்கம் நகர்த்திவிட்டு, "உறையில இடம் இருந்தா கொஞ்சம் தாமரை விதை போட்டு அனுப்பேன், அங்க நல்லதா கிடைக்காது" என்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை பார். விதை காலுறைப் பொட்டலத்தில் இருக்கிறது, அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்தது, நான் தொடவில்லை.

புத்தாண்டு அன்று தனியாக இருக்காதே, சக ஆசிரியைகளோடு போய்ச் சாப்பிடு, கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு திரியாதே. உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும், உன் பிள்ளைகள் சத்தம் போடாமல் படிக்கட்டும், உன் வாசலுக்கு நல்லது மட்டும் வரட்டும். ஒன்றை மறக்காதே: மூன்று வருஷமாக உறை மேல் என் பெயரை மட்டுமே எழுதி அனுப்புகிறாய், தபால்காரர் வந்தால் உன் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டிவிடுகிறார். அடுத்ததை அவர் பெயருக்குப் போடு. உள்ளே இரண்டே வரி இருந்தால் போதும்.

உன் அம்மா,
ஜி சூயூன்