மூன்று மினுக்கா, நாலு மினுக்கா, சூசை?

என் சூசை மக்கா,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன்; பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எப்படியும் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். நம் வள்ளத்து இன்ஜினுக்குப் பங்குச் சாமியாரைக் கூட்டி வந்து தீர்த்தம் தெளித்தேன். அதற்கு இருந்த ஒரே நோய், அடியில் தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தில் சிக்கிய பால் கவர்.

நீ போன பிறகு ஒருநாள் நடுக்கடலில் எச்சரிக்கை விளக்கு மினுங்கத் தொடங்கியது. இன்ஜின் வாங்கிய அன்று நீ சொன்னது அப்படியே காதில் கேட்டது. "மூணு மட்டம் மினுங்கினா உள்ள கம்ப்யூட்டர் பெட்டி போச்சு, இன்ஜினும் போச்சுன்னு வச்சுக்க. நாலு மினுங்கினா தண்ணி ஏறல, அடைப்ப எடுத்துப் போடு."

எப்படி எண்ணுவது என்றும் சொன்னாய். "ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினா நீ நடுவுல ஊர்க்கதை பேசிருவ. ஒவ்வொரு மினுக்குக்கும் ஒரு 'மரியே வாழ்க' சொல்லுலே." சரிதான். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் உபதேசியார் வீட்டுச் சம்பந்தம் முறிந்த கதையை முழுதாகச் சொல்லி முடித்தவன் நான்.

மூன்று 'மரியே வாழ்க' வந்தது. மறுபடியும் மூன்று. இன்னொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்துத்தான் கரை சேர்ந்தேன். தீர்த்தமும் பலிக்கவில்லை. செத்த இன்ஜின் என்று உன் தம்பி சேவியரிடமே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டேன்.

அவன் அதைக் கரையோரத் தண்ணீரில் ஓடவிட்டு, ஊரே பார்க்க விரலை மடக்கி எண்ணினான். நாலு. குனிந்து கையை விட்டான்.

"அண்ணே, பாத்தியளா? பால் கவரு! இதுக்கா சாமியாரு வந்தாரு?"

"விரல் விட்டு எண்ண ஒனக்கு யாருலே சொல்லித் தந்தது?"

"சூசையண்ணன்தான்."

அந்தக் கவர் வாட்ஸ்அப்பில் புதுக்கடை சந்தை வரைக்கும் போய்விட்டது. மீன் வாங்க வருகிற ரோசம்மா, "மரியே வாழ்க சொல்லி எண்ணித் தாருமய்யா, ஒண்ணு ரெண்டு கூட வரட்டும்" என்கிறாள். இப்போது சேவியரின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறேன், என் இன்ஜின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கூடப் பிறந்தவனுக்கு விரல், எனக்கு மட்டும் வேடிக்கையா? ஒரே சட்டியில் கஞ்சி குடித்தோமே, சூசை. சாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்து, "எண்ணத் தெரியும்லா?" என்று கேட்டாயே. அப்போதும் உள்ளுக்குள் சிரித்தாயா?

கல்லறைத் திருநாளுக்கு வருவேன். மெழுகுவத்தி கொளுத்துவேன். ஆனால் உனக்காக ஒரு 'மரியே வாழ்க' கூடச் சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

இதுவரை எழுதியதை என் பெண்டாட்டி ஸ்டெல்லாவிடம் வாசித்துக் காட்டினேன். அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: "ஜெபம்னு வாயத் தொறந்ததும் நீங்க கண்ண மூடிருவியளே. தாலி கட்டும்போதும் அப்பிடித்தான நின்னிய. பெறவு எப்பிடி லைட்ட எண்ணுனிய?"

கூடப் பிறக்காததால் விரல் கிடைக்காத உன் தம்பி,
அருளப்பன்